வா பெடல் வாங்கப் போகிறீர்களா? செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள்

காலால் மிதிக்க மிதிக்கக் கிட்டார் ஒலியை 'உவா' என்று பேசவைப்பது வா பெடல். என் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அப்படி ஒன்று வாங்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் மூன்று பெடல்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. முதலில் வந்தது வா பெடலே இல்லை. இரண்டாவது நல்ல பெடல்தான், என் காலுக்குத்தான் ஒத்துவரவில்லை. மூன்றாவது இன்று வரை கூடவே இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருவிழா மாதங்களிலும் இன்னிசைக் கச்சேரி என்று ஓடுகிறவன் நான். கால் வைத்துப் பார்த்து வாங்க நான் ஏறி இறங்கிய கடைகளில் வாய்ப்புக் கிடைக்கவில்லை. வீடியோக்களை நம்பி வாங்கி, நஷ்டத்துக்கு விற்றதில் மட்டும் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. உங்களுக்காவது அது மிஞ்சட்டும்.

1. அது வா பெடல்தானா என்று முதலில் பாருங்கள்

கால் மிதி வடிவில் மூன்று சாமான்கள் விற்கிறார்கள்: வா பெடல், வால்யூம் பெடல், எக்ஸ்பிரஷன் பெடல். படத்தில் மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். வால்யூம் பெடல் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் கிட்டார் ஒலி போவதே இல்லை. கீபோர்டுக்கோ, பல ஒலி மாற்றங்களை ஒன்றாகத் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிக்கோ "இவர் இவ்வளவு மிதித்திருக்கிறார்" என்று தகவல் சொல்வது மட்டுமே அதன் வேலை.

நான் முதலில் வாங்கியது இந்தக் கடைசி வகை. விற்றவர் விளம்பரத்தில் 'வா' என்றே போட்டிருந்தார். அவருக்கும் தெரியாதோ என்னவோ. இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். சத்தம் வந்தால்தானே?

அடையாளம் எளிது. வா பெடலில் கிட்டார் கேபிள் செருக இரண்டு துளைகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும், அடாப்டருக்குத் தனியாக ஒரு துளை இருக்கும். எக்ஸ்பிரஷன் பெடலில் பெரும்பாலும் ஒரே கேபிள்தான். அதன் பிளக் நுனியில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். சாதாரண கிட்டார் பிளக்கில் ஒரு வளையம்தான். விற்பவரிடம் பெடலின் இரு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கடையில் கேட்கும்போதும் முழுதாகச் சொல்லுங்கள். நான் "வா பெடல் இருக்கிறதுங்களா?" என்று கேட்டதும் ஒரு கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு "எங்கே வரணுங்க?" என்று திருப்பிக் கேட்டார். 'கிரை பேபி' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். அது ஒரு கம்பெனியின் மாடல் பெயர்தான். ஆனாலும் எல்லா வா பெடலுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

2. தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு அதன் உள்விவரம்

வாயைக் குவித்து 'ஊ' என்று தொடங்கி மெல்ல 'ஆ' வரை திறவுங்கள். 'உவா' என்று வருகிறதல்லவா? பெடலும் அதைத்தான் செய்கிறது. ஒலியில் ஒரு சிறு பகுதியை மட்டும் தூக்கிக் காட்டி, அந்த மேட்டைச் சுமார் 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்துகிறது. குதிகாலை அழுத்தினால் குரல் அடங்கிக் கம்மும், முன்காலை அழுத்தினால் கூர்மையாகக் கத்தும்.

வாங்குவதற்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, மிதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. பெரும்பாலான பெடல்களில் ஒரு பல்சட்டம் கீழே இறங்கிப் பல்சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் ரேடியோவின் வால்யூம் குமிழில் இருப்பது போன்ற ஒரு பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பும். இது உராயும் பொருள், தேயும். இன்னொரு வகையில் ஒரு விளக்கும் ஒளி உணரியும் அந்த வேலையைப் பார்க்கும். உரசல் இல்லாததால் அதில் கரகரப்பு வராது. இதை ஆப்டிகல் என்பார்கள்.

இரண்டாவது, 'க்யூ' என்று எழுதியிருக்கும் குமிழ். அந்த மேடு ஊசி போல ஒடுங்கியிருக்க வேண்டுமா, தலையணை போல அகன்றிருக்க வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கும். ஒடுங்கினால் 'வா' அழுத்தமாகப் பேசும். எல்லாப் பெடலிலும் இந்தக் குமிழ் இருக்காது. முதல் பெடலுக்கு இது அவசியமும் இல்லை.

3. காதுக்கு முன்னால் காலைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பகுதிக்காகத்தான்.

வா பெடலைப் பற்றிய வீடியோக்களில் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஷூ போட்டிருப்பார்கள். நாம் வீட்டில் வெறுங்காலோடுதான் வாசிக்கிறோம். மாரியம்மன் கோயில் வளாகத்துக்குள் மேடை போட்டால் அங்கேயும் வெறுங்கால்தான். இது சிறிய வேறுபாடு என்றுதான் நானும் நினைத்தேன்.

வழக்கமான வா பெடலில் சுவிட்ச் மிதியின் முன்முனைக்கு அடியில் ஒளிந்திருக்கும். முன்காலை முழுதாக இறக்கி, அதற்கு மேலும் 'டக்' என்று கேட்கும்படி உடல் எடையைக் கொடுத்து அழுத்தினால்தான் பெடல் வேலை செய்யத் தொடங்கும். நிறுத்தவும் அதே போல ஒரு 'டக்'. கெட்டியான ஷூவுக்கு இது பொருட்டே இல்லை. வெறுங்காலில் கட்டைவிரல் அடிப்பாகம் மட்டும் அந்த அழுத்தத்தை வாங்கும். ஒரு பாட்டுக்கு மட்டும் நான்கு முறை என்றால் தாங்கலாம். மூன்று மணி நேரக் கச்சேரியில் என் வலது கால் முடியாது என்று சொல்லிவிட்டது. என் இரண்டாவது பெடல் இப்படித்தான் கைமாறியது.

ஆகவே முதலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். வெறுங்காலா, ஷூவா? நின்று வாசிப்பவரா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தா? உட்கார்ந்திருக்கும்போது உடல் எடை காலுக்கு வராது, சுவிட்ச் இன்னும் முரண்டு பிடிக்கும். உங்கள் பாதம் எவ்வளவு நீளம்?

வெறுங்கால் என்றாலோ உட்கார்ந்து வாசிப்பதென்றாலோ, சுவிட்ச் இல்லாத வகையைத் தேடுங்கள். அதில் ஸ்பிரிங் இருக்கும். காலை வைத்து அழுத்தியதும் தானாகத் தொடங்கும், எடுத்ததும் மிதி பழைய நிலைக்குப் போய் நின்றுவிடும். குறை ஒன்று உண்டு: மிதியைப் பாதியில் நிறுத்தி, காலை எடுத்துவிட்டு, அந்த மூக்கடைத்த ஒலியிலேயே ஒரு பாட்டு முழுவதும் வாசிக்க நினைத்தால் முடியாது. காலை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில், உட்கார்ந்து தைத்தவர்களின் கால் ஏற்கெனவே பழகிய கால். முன்னால் அழுத்தினால் மெஷின் ஓடும், சில மெஷின்களில் குதிகாலைப் பின்னால் சாய்த்தால் துணியை அழுத்தும் பாதம் மேலே எழும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். வா பெடலுக்கு வேண்டியதும் இதே கணுக்கால் வேலைதான். ஓவர்லாக் டெய்லரான என் மனைவி நான் தந்திகளை மொத்தமாக மீட்ட மீட்ட மிதித்துப் பார்த்தாள். ஐந்தே நிமிடத்தில் தாளத்தோடு ஒட்டிவிட்டது. "இதற்குப் போய் ஏழு மாதமாங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

4. எந்த மாடல்

எல்லாவற்றையும் அலசப் போவதில்லை. நம் ஊருக்கு வந்து சேரக்கூடியவற்றில் என் கருத்து மட்டும்.

டன்லப் கிரை பேபி ஜிசிபி95: எல்லாரும் முதலில் பார்ப்பது. குமிழ்கள் கிடையாது. ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை, மேடையில் நகராது. முன்முனைச் சுவிட்ச் வகை. ஷூ போட்டு நின்று வாசிப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். உதிரி பாகங்கள் கிடைப்பதும், வேண்டாம் என்றால் விற்க முடிவதும் இதற்குத்தான் அதிகம்.

வாக்ஸ் வி847: இதுவும் அதே வகை. என் காதுக்குச் சற்று மென்மையாகப் பட்டது. இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள் என்பேன்.

கிரை பேபி 95க்யூ: சுவிட்ச் இல்லை, கால் வைத்ததும் தொடங்கும், க்யூ குமிழ் உண்டு. என் மூன்றாவது பெடல் இது. வெறுங்கால் கூட்டத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

கிரை பேபி 535க்யூ: குமிழ்கள் பல. ஒரு வருடம் சாதாரண வா வாசித்த பிறகு பாருங்கள். தொடக்கத்திலேயே வாங்கினால் குமிழ் திருப்புவதிலேயே மாலை போய்விடும்.

கிரை பேபி மினி: பெட்டியில் இடம் மிச்சம். மிதி குட்டையாக இருப்பதால் கணுக்காலின் சிறு அசைவே பெரிய மாற்றமாகிவிடும். ஒன்பது, பத்து எண் செருப்பு போடுகிறவர்கள் யோசியுங்கள்.

மார்லி, பெஹ்ரிங்கர் ஹெல்பேப்: இரண்டும் ஆப்டிகல். மார்லி கனமான உலோகப் பெட்டி. ஹெல்பேப் பிளாஸ்டிக், விலையும் குறைவு. வீட்டுப் பயிற்சிக்குச் சரி, கச்சேரி வேனில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு எந்த எஃபெக்டும் கையில் இல்லாதவர்கள் சூம் ஜி1எக்ஸ் ஃபோர் போன்ற, மிதியோடு வரும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியையும் எண்ணிப் பாருங்கள். தனிப் பெடலுக்கு ஆகும் பணத்தை ஒட்டியே வா, ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன், எதிரொலி தரும் டிலே எல்லாம் கிடைத்துவிடும். தனி வா பெடலின் நீண்ட மிதியும் ஒலியும் வராதுதான். ஆனால் 'வா' உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

5. மொத்தச் செலவைக் கணக்குப் போடுங்கள்

நான் தேடிய மாதங்களில் சாதாரண கிரை பேபி பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குமிழ்கள் உள்ளவை அதற்கும் மேலே. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் குறைந்தது மூன்று இடங்களில் ஒரே வாரத்தில் கேளுங்கள்.

பெடல் விலையோடு கணக்கு முடிவதில்லை. பல பெடல்களோடு அடாப்டர் வராது. கூடுதலாக ஒரு கிட்டார் கேபிள் வேண்டும், ஏனென்றால் இதுவரை கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றுதான் போனது. இந்த இரண்டுக்கும் நான் கொடுத்தது ஆயிரத்து முந்நூறு ரூபாய்.

அடாப்டரில்தான் பலர் பெடலைக் கொல்கிறார்கள். 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ் என்பதே வழக்கம். அடாப்டர் மேல் ஒரு சிறு படம் அச்சாகியிருக்கும்: நடுவில் புள்ளி, சுற்றிலும் அரை வட்டம், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகள். கழித்தல் குறி நடுப்புள்ளியோடு சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டர் கச்சிதமாக உள்ளே போகும். போகும் என்பதற்காகச் செருகிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ், பலவற்றில் 12 வோல்ட் வேறு.

மல்டிமீட்டரில் போடும் சதுர 9 வோல்ட் பேட்டரியிலும் வழக்கமான வா பெடல்கள் ஓடும். மின்சாரம் மிகக் குறைவாகவே எடுப்பதால் நீண்ட நாள் வரும். ஆனால் கிட்டார் கேபிள் செருகியிருக்கும் வரை, பெடலை மிதிக்காவிட்டாலும் பேட்டரி கரையும். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

6. கடைக்குப் போகும் நாள்

போவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். நான் சொல்வது விளையாட்டில்லை. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோவைக்குப் போய் இறங்கினால், அந்தப் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு. மாலை வரை கரண்ட் இல்லை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்தேன்.

போன் செய்து, மாடல் பெயரைச் சொல்லி, "கையிருப்பில் இருக்கிறதா, வரவழைத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் முன்பணம் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூர் போய்ப் பார்ப்பதென்றால் வந்தே பாரத்தை நம்பி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று போய்ச் சேரவே மதியம் கடந்துவிடும். முந்தின இரவே பஸ்ஸிலோ ரயிலிலோ கிளம்புவதுதான் சரி.

உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கொண்டுபோங்கள். கடையின் விலையுயர்ந்த கிட்டாரில் எல்லாப் பெடலும் இனிக்கும். கிட்டாரின் டோன் குமிழை முழுதாகத் திறந்து வையுங்கள். அது மூடியிருந்தால் 'வா' தூக்கிக்காட்டக் கூர்மையே இருக்காது. செருப்பைக் கழற்றுங்கள். முதலில் எதுவும் சேர்க்காத சுத்த ஒலியில், பிறகு டிஸ்டார்ஷனோடு, மிதியை மெல்ல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். வழியில் கரகரவென்றால் வேறு பெட்டி கேளுங்கள். மாற்றம் முழுவதும் கடைசி அரை அங்குலத்திலேயே நடந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். பெடலைத் தொடங்கியதும் சத்தம் சட்டென்று அடங்குகிறதா என்பதும் முக்கியம். கடைசியாகப் பெடலை நிறுத்திவிட்டு வாசியுங்கள். பெடல் இல்லாமல் நேராக வாசிப்பதைவிட ஒலி மங்கினால், நாள் முழுவதும் அந்த மங்கலோடுதான் வாழ வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் பதினைந்து நிமிடம் போதும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

7. வாங்க வேண்டிய காகிதங்கள்

ஜி.எஸ்.டி. எண்ணோடு பில். அதில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். உத்தரவாத அட்டை இருந்தால் கடை முத்திரையும் தேதியும். பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சாமானுக்கு அது இருக்க வேண்டியது சட்டம். அது இல்லாமல் "விலை குறைவு, பில் வேண்டாம்" என்று வருவது பழுதானால் யாரும் உங்களுக்குப் பொறுப்பில்லை. வெளிநாட்டில் நேரடியாக வாங்கினாலும் இதே கதைதான், கூடவே கூரியர்காரர் சுங்க வரியோடு வாசலில் நிற்பார்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழிப்பது முதல் பெடலில் சத்தம் வருவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை வீசாதீர்கள். கெடு பெரும்பாலும் பொருள் வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் திறந்த நாளிலிருந்து அல்ல. கச்சேரி சீசனில் வாங்கி, பிரிக்காமல் வைத்துப் பிறகு வருந்தியவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். தகராறு வந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்த ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் வீடியோவும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

8. பழைய பெடல் என்றால்

பழையது வாங்குவதில் தப்பில்லை, வா பெடல் எளிதில் சாகாது. கரகரப்பு மட்டும் இருந்தால் பயப்படாதீர்கள். காண்டாக்ட் கிளீனர் என்ற, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயை அடித்தால் பாதிப் பெடல்கள் சரியாகிவிடும். அதைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைத்தும் கேட்கலாம். அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல்சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறதா, பொட்டென்ஷியோமீட்டரை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ரேடியோ கடையில் கிடைக்கும் சாதாரண 100 கிலோ ஓம் சாமானைப் போட்டு ஒப்பேற்றியிருந்தால் மிதிக்கும் ஒலிக்கும் பொருத்தம் இருக்காது. வா பெடலுக்கென்றே ஒலி ஏறும் விதம் வேறாகச் செய்யப்பட்டவை உண்டு.

9. முதல் நாள்

பெடலை உங்களுக்கு முன்னால் வைத்தால் கிட்டார் கேபிள் வலது பக்கத் துளையில், ஆம்ப்ளிஃபயர் கேபிள் இடது பக்கத்தில். மாற்றிச் செருகிவிட்டு "செத்த பெடலைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று கடைக்குப் போன் செய்தவர்களில் நானும் ஒருவன். முன்முனைச் சுவிட்ச் வகையென்றால் 'டக்' கேட்கும் வரை அழுத்துங்கள். முரண்டாக இருந்தால் முன்முனைக்கு அடியில் உள்ள மெத்தைத் துண்டின் தடிமனைக் குறைக்கலாம். மிதி தானாக விழுந்தாலோ இறுகியிருந்தாலோ, அச்சில் உள்ள நட்டை இறுக்கித் தளர்த்திச் சரிசெய்யலாம்.

வரிசை: கிட்டார், வா, டிஸ்டார்ஷன், ஆம்ப்ளிஃபயர். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால் இன்னும் முரட்டுத்தனமாக வரும், அதுவும் சிலருக்குப் பிடிக்கும். பழைய பாணி ஃபஸ் பெடல் (டிஸ்டார்ஷனின் முரட்டு அண்ணன்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதற்கு முன்னால் வா வைத்தால் சில நேரம் மிதித்தும் எதுவும் மாறாது. பெடல் பழுதில்லை, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. இடம் மாற்றிப் பாருங்கள்.

'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பெடலை அடாப்டர், ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் பக்கத்தில் உள்ள மின்காந்த இரைச்சலை இழுத்துக்கொள்ளும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் நான் அடாப்டரையே எடுப்பதில்லை, பேட்டரிதான்.

10. பஞ்சு

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை இது. நிட்டிங், கட்டிங் நடக்கும் தெருக்களில் பஞ்சுத் தூசி எங்கும் நுழையும். ஆறு மாதத்தில் என் பெடலின் அடித்தட்டைக் கழற்றியபோது பல்சக்கரத்தைச் சுற்றி ஒரு சின்னத் தலையணையே இருந்தது. வாசிக்காதபோது பெடலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கைக்குக் கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்ட் துணியால் மட்டும் துடைக்க வேண்டாம். அதன் நூல் பிரிந்து பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால், ஊசியும் பொறுமையும் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கும்.